லைனில நில்லுங்கோ

கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கவே டீஜே அன்புராசா அவசரப்படத் தொடங்கிவிட்டார். தாலி கட்டுவது காலையில், கோயிலில். அதில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. அவருடைய தலையிடி எல்லாம் பின்னேர றிசெப்ஷன்தான். மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டபத்துக்குள் வந்ததும் ஒரு பாட்டுக்கு ஆடவேண்டும். எந்தப் பாட்டென்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"மாப்பிள்ளையைக் கேட்டா உங்களைக் கேக்கச் சொல்லுறார் பிள்ளை," என்றார் போனில்.

"அவருக்கு என்ன பாட்டு விருப்பமெண்டு எனக்குத் தெரியாது அண்ணை," என்றாள் துர்க்கா.

"விருப்பத்தை விடுங்கோ. ரெண்டுபேரும் சேர்ந்து கேட்ட பாட்டு ஒண்டு இருக்குமெல்லே? இஞ்ச எல்லாரும் அதைத்தான் எடுக்கிறவை."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள். யோசிக்க என்ன இருக்கிறது? ஜனார்த்தனை அவள் முதலில் பார்த்தது படத்தில். அடுத்துப் பார்த்தது ஊரிலிருந்து வந்திறங்கிய விமான நிலையத்தில், பெட்டி தள்ளுகிற அவதியில். அதன்பிறகு அவன் ஞாயிறுகளில் வந்து யோகமலர் அன்ரி வீட்டுச் செற்றியின் ஒரு நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறான். மற்ற நுனியில் துர்க்கா. நடுவில் அன்ரி. அவர் அவனுடைய தாயின் ஒன்றுவிட்ட தங்கச்சி. தாலி ஏறும்வரை பொம்பிளையைப் பத்திரமாக வைத்திருந்து ஒப்படைக்கும் பொறுப்பை ஒருவரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவர். அந்தக் காவலுக்குள் எந்தப் பாட்டு நுழையும்?

ஆட்டம் என்ற கதையே அன்ரிக்குப் பிடிக்கவில்லை. "காலமை ஐயர் மந்திரம் சொல்ல, பின்னேரம் சபைக்கு நடுவில கட்டிப்பிடிச்சு ஆடுறதோ? ஆர் கேட்டது உந்த ஆட்டத்தை?" என்றார். கேட்டது ஜனார்த்தன்தான். அவனுடைய சூப்பவைசர் மனைவியோடு வருகிறாராம். அவர்களுக்கு முன்னால் இந்த ஊர் முறைப்படி ஒன்றாவது நடக்கவேண்டுமாம்.

பகல் முழுக்க டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ற் துர்க்காவுக்கு மட்டும்தான். அன்ரியும் அங்கிளும் விடியமுதலே வேலைக்குப் போய்விடுவார்கள். அவள் சமைப்பாள். துடைத்த மேசையைத் திரும்பவும் துடைப்பாள். பல்கனிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கென்னடி ரோட்டில் போகிற பஸ்களைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேசாமலே மத்தியானம் ஆகிவிடும். தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று ஒருநாள் சோற்றுப் பானையோடு கதைத்துப் பார்த்தாள். அப்படி ஒரு தனிமை. அது பொறுக்காமல்தான் மிசிசாகாவில் ஜனார்த்தன் வேலை செய்யும் சாமான் கிடங்குக்குப் போன் எடுக்கத் தொடங்கினாள்.

அங்கே போன் எடுப்பவள் பேர்ணடெற். மன்னார்க்காரி, வாய் நிறையக் கதைக்கிறவள். கூப்பிடுகிற இலக்கம் அவளுடைய போனிலே தெரியும். "ஆ, தங்கச்சியோ? லைனில நில்லுங்கோ," என்பாள். உடனே ஒரு பியானோ மெட்டு வரும். வார்த்தை கிடையாது. மெல்ல ஏறும், மூச்சு வாங்குவதுபோல ஓரிடத்தில் நிற்கும், பிறகு இறங்கும், முடிந்த கையோடு மறுபடி தொடங்கும். எந்த நிமிடமும் அது அறுந்து அவனுடைய குரல் வரலாம். வந்த புதிதில் வந்துமிருக்கிறது. "என்ன, சொல்லும்," என்பான். அவளுக்கு அந்த இரண்டு சொல்லே அன்றைக்குப் போதும். இப்போதெல்லாம் பேர்ணடெற்தான் திரும்பி வருகிறாள். "அவர் சரியான பிஸி தங்கச்சி. பிறகு எடுக்கச் சொல்லுறன்."

அன்புராசா கேட்ட பாட்டு அதுதான் என்று கறி கிண்டும்போது அவளுக்குச் சட்டென்று பட்டது. தங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிய பாட்டு அது ஒன்றுதான். அன்ரிகூட இல்லாத இடத்தில் ஓடியது. அவளுக்கு வந்த சந்தோசத்தில் கறி அடிப்பிடித்தது.

வியாழக்கிழமை கோட்டுக்கு அளவு கொடுக்க லீவு போட்டிருந்த ஜனார்த்தன், கலியாணக் கார்ட்டுக் கட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போக வந்தான். அன்ரி வேலைக்குப் போயிருந்தார். வாசலில் கொஞ்சம் தயங்கி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, வழக்கமான நுனியிலேயே இருந்தான். நடு இடம் வெறுமையாகக் கிடந்தது.

"பாட்டு எடுத்திட்டன்," என்றாள் துர்க்கா. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அந்த மெட்டை முனகிக் காட்டினாள்.

"இது என்ன பாட்டு? நான் கேட்டதே இல்லையே."

முகம் தொங்கிப்போனது அவளுக்கு. பிறகுதான் விளங்கியது. அவன் எப்படிக் கேட்டிருப்பான்? அவன் ரிசீவரை எடுத்தால் மெட்டு நின்றுவிடும். அது காத்து நிற்கிறவர்களுக்கு மட்டும் கேட்கிற பாட்டு.

"உங்கட வேலைக்கு எடுத்துப் பாருங்கோ. தெரியும்."

அவன் சிரித்துக்கொண்டே அன்ரி வீட்டுப் போனை எடுத்து இலக்கத்தை அழுத்தினான். வாய் திறக்கமுதலே பேர்ணடெற்றின் குரல் வந்தது. அமைதியான வீட்டில் அது துர்க்காவுக்கும் கேட்டது. "ஆ, தங்கச்சியோ? லைனில நில்லுங்கோ."

மெட்டுத் தொடங்கியது. "நல்லாத்தான் கிடக்கு," என்று அவன் தலையை ஆட்டினான். இரண்டாம் தரம் ஓடும்போது ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினான். மூன்றாம் தரம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான்.

"இவ்வளவு நேரமோ விடுறவள்?"

"சில நாள் இதைவிடக் கூட."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். நடுவில் ஒருவரும் இல்லாமல் அவன் அவளை நேரே பார்த்தது அதுதான் முதல்முறை. இந்தப் பார்வை ஒன்று போதும், இத்தனை நாள் லைனில் நின்றதற்கு எல்லாம் சரி என்று அவள் நினைத்தாள்.

மெட்டு அறுந்தது.

"அவர் சரியான பிஸி தங்கச்சி. பிறகு எடுக்கச் சொல்லுறன்."

லைன் வெட்டுப்பட்டது. லீவில் நிற்கிற ஜனார்த்தன் செற்றி நுனியில் ரிசீவரைப் பிடித்தபடி இருந்தான். அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

"நான்தான் அப்பிடிச் சொல்லி வச்சனான்," என்றான் கடைசியில். "வேலை நேரத்தில கோல் வந்தா சூப்பவைசருக்குப் பிடிக்காது. கொஞ்ச நேரம் விட்டிட்டு உப்பிடிச் சொல்லச் சொன்னனான். குறை நினையாதையும்."

"சீச்சீ, அதுக்கென்ன," என்றாள் துர்க்கா. "இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

கேத்தில் இரையும் சத்தத்துக்குள் நின்று அழுதாள். தன் மேலேதான் அவளுக்குக் கோபம் வந்தது. அவனை ஒருவரும் கூப்பிடவே போகாத லைனில் நின்று, மெட்டை மனப்பாடம் பண்ணி, அதைத் தங்கள் பாட்டென்று நினைத்தாளே. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தபோது, "உந்தப் பாட்டையே போடுவமோ?" என்று அவன் கேட்டான். பாவம், சமாதானத்துக்குத்தான் கேட்டான். வேண்டாம் என்றாள். அன்றைக்கே அன்புராசாவுக்குப் போன் எடுத்து, எல்லாரும் போடுகிற ஒரு இங்கிலிஷ் பாட்டைப் போடச் சொன்னாள்.

றிசெப்ஷன் அன்று மண்டபத்தில் லைற்றைக் குறைத்தார்கள். சூப்பவைசரும் மனைவியும் முன்மேசையில் இருந்து கைதட்டினார்கள். ஜனார்த்தன் அவளுடைய இடுப்பில் பட்டும் படாமலும் கையை வைத்து, காதுக்குள் "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணினான். துர்க்காவின் கால் அந்தக் கணக்குக்கு வரவில்லை. மெல்ல ஏறியது, ஓரிடத்தில் நின்றது, பிறகு இறங்கியது.

"என்ன, எங்கை நிக்கிறீர்?" என்று சிரித்தபடி கேட்டான்.

"லைனில," என்றாள்.

பாட்டுச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்கவில்லை.