சாக்குப் புல்

என் தம்பி அழகுபாண்டிக்கும் என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டிக்கும் பேச்சுவார்த்தை நின்றது ஒரு ஃபிளெக்ஸ் பேனரால். தம்பி ஆனையூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது வைத்த பேனர் அது. சொந்தபந்தம் எல்லாரும் அதில் பெரிது பெரிதாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். இவர் படம் மட்டும் கீழ் மூலையில், சின்னப் பிள்ளைகள் வரிசையில், தீப்பெட்டிப் படம் அளவுக்கு இருந்தது. பேனர் மழையில் கிழிந்து கோழிக்கூண்டுக்கு மேலே போய்விட்டது. இவருக்குத்தான் மனசு ஆறவில்லை. அதுவரை வாய்க்கு வாய் ‘மாப்ள’ என்று கூப்பிட்டவர், அதன் பிறகு என்னிடம் ‘ஒன் தம்பி’ என்றுதான் சொல்வார்.

எனக்கு என் கவலை. ஆவணியில் எங்கள் மகள் அஸ்வினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது வழக்கம். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் வராவிட்டால் பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பது? “கூப்பிடுங்க” என்று சொன்னால், “பாப்போம்” என்பார். இவர் வாயில் பாப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

காதுகுத்து விருந்துக்கென்று எங்கள் சமயநல்லூர் வீட்டில் ஒரு செம்மறிக் கிடாய் வளர்ந்தது. என்னோடு பேசுவதைவிட அதோடுதான் இவர் அதிகம் பேசுவார்.

தம்பிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் தோட்ட வேலை. அங்கே புல்வெட்டும் மெஷினை ஓட்டுவதும் அவன்தான். ஒரு நாள் சாயங்காலம், இவர் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, ஒரு சாக்கு நிறையப் புல்லை வாசலில் இறக்கினான்.

“மச்சான் கெடாய்க்குக்கா. பச்சப்பசேல்னு இருந்துச்சு. குப்பையில கொட்ட மனசு வரல.”

உள்ளே வா என்றதற்கு வேண்டாமென்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துவிட்டான். எனக்கு ஒரே சந்தோஷம். இவர் நல்ல மூடில் இருக்கும்போது சொல்லலாம் என்று, கட்டிய வாயை அவிழ்க்காமல் சாக்கைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

கிடாய் அதுவரை பொறுக்கவில்லை. காலையில் நான் அஸ்வினியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வருவதற்குள் கயிற்றை அறுத்து, சாக்கைக் கிழித்து, பாதியைத் தின்று முடித்திருந்தது. மிச்சத்தை அள்ளக் கையை விட்டால், வடித்த சோற்றில் கைவைத்த மாதிரிச் சுட்டது. புளித்த மாவு வாடை வேறு. கொஞ்ச நேரத்தில் கிடாயின் இடது பக்கம் குடம் மாதிரி எழும்பிவிட்டது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, தன் வயிற்றைத் தானே உதைத்தது.

இவர் ஓடி வந்தார். “யாரு குடுத்த புல்லு?”

“தம்பிதான்.”

“பேனர்ல என்னையச் சின்னதாப் போட்டான். இப்ப என் கெடாயவே சாச்சுப்புட்டானா?”

கிடாய் செத்தால் என் தம்பி இந்த வாசலை மிதிக்க முடியாது. மடியும் கிடையாது, மாமனும் கிடையாது.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். “மெஷின்ல வெட்டுன புல்லா? அது பொடிப்பொடியா இருக்கும்மா. ஆடு மெல்லாம அள்ளி முழுங்கிரும். சாக்குல கட்டி வச்சா அங்கேயே புளிச்சுச் சூடேறிரும். வெறும் காத்துன்னா எறக்கிரலாம். ஆனா அரளிச்செடி இலை ஏதும் அதுல கலந்துருக்கா? களைக்கொல்லி அடிச்ச புல்லா? அத மொதல்ல கேளுங்க. நான் கிளம்பி வாரேன்.”

தம்பிக்கு அடித்தேன். விஷயத்தைச் சொன்னதும், “இந்தா வாரேன்க்கா” என்று பாதியிலேயே வைத்துவிட்டான். நான் கேட்க வேண்டியதைக் கேட்கவே விடவில்லை. அவன் வந்து சேருவதற்குள் நான் கும்பிடாத சாமி பாக்கியில்லை.

வண்டி நின்றதும் இவர் நேராக அவன் முகத்துக்கு எதிரே போய் நின்றார். “அரளி இருக்கா, இல்லையா?”

“மண்டபத்துக்கு முன்னால இருக்கு மச்சான். அதனாலதான் அங்குட்டு வெட்டுனத எடுக்கல. இது பின்னால உள்ள புல்லு. மருந்து அடிச்சதே இல்ல. கல்யாணத்துக்கு வர்ற பிள்ளைக அதுல உருளும்னு முதலாளி அடிக்க விடமாட்டாரு.”

மறுபடி டாக்டருக்குச் சொன்னோம். “அப்பப் பயப்படாதீங்க. முன்னங்காலைப் படியில ஏத்தி நிப்பாட்டுங்க. கடலை எண்ணெயக் கொஞ்சங்கொஞ்சமா ஊத்துங்க. தலையை ரொம்பத் தூக்கிராதீங்க. இடது வயித்தை நல்லா அமுக்கித் தேச்சு விடுங்க.”

நான் எண்ணெய் ஊற்ற, இவர் முன்னங்காலைப் பிடிக்க, தம்பி வயிற்றைத் தேய்த்தான். கிடாய் திமிறியதில் இவர் வழுக்கிவிட்டார்.

“மாப்ள! பின்னங்காலப் புடிறா! விட்றாத மாப்ள!”

தம்பி தலையை நிமிர்த்தவில்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. என்ன சொன்னோம் என்று இவருக்கே தெரியவில்லை.

அப்போதுதான் கிடாய் ஏப்பம் விட்டது. தெருவுக்கே கேட்டிருக்கும். நாற்றம் தாங்க முடியவில்லை, ஆனால் எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட மூக்கைப் பொத்தவில்லை. அடுத்தடுத்து இன்னும் நாலைந்து வந்தன. குடம் மெதுவாக வற்றியது. கடைசியில் கிடாய் உடம்பைச் சிலுப்பி, எண்ணெயை எங்கள் மூஞ்சியில் தெளித்துவிட்டு நின்றது. இவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

டாக்டர் வந்து பார்த்து ஊசி போட்டார். “பொழைச்சுக்கிருச்சு. மெஷின் புல்லு இனிமே வேணவே வேணாம். ஆமா, விருந்துக்கு வெட்டப்போற கெடாய்க்கா இம்புட்டு அழுகை?” என்று சிரித்தார். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிடாயை மறுபடி கட்டினார்.

தம்பி மிச்சப் புல்லை அள்ளி வண்டியில் கட்டிக்கொண்டு, குற்றவாளி மாதிரி, சொல்லாமல்கூடப் போய்விட்டான். இவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த தடவை வெறுங்கையோட வரச் சொல்லு.”

“யாரை?” என்றேன், தெரியாதவள் மாதிரி.

“மாப்ளயத்தான். காதுகுத்துக்கு மொத நாளே வந்துரணும். பேனர்ல தாய்மாமன் படத்தைப் பெருசாப் போடணும்ல, நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்பச் சொல்லு.”

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தேடினேன்.

“ஏய், ரொம்பப் பெருசு இல்ல,” என்றார் பின்னாலிருந்து. “என் படத்தவிடக் கொஞ்சம் கம்மியா.”