கம்பளிக்காரர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை

கம்பளிக்காரரைத் துரோகி என்று சொல்கிற எவனையும் எனக்குப் பிடிக்காது. அப்படிச் சொல்கிறவர்களில் முதல் ஆள் என் மகன். அவனை என்ன செய்வது, பிடிக்காது என்று சொல்லிவிட்டு நான் எங்கே போவது?

முதலில் யார் இந்தக் கம்பளிக்காரர் என்று சொல்லிவிடுகிறேன். 'ஏழாம் வாசல்' என்று செல்போனில் ஆடுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. பூதம், பறக்கிற பாம்பு, பேசுகிற மரம் எல்லாம் வரும். நாம் அதில் ஒரு சின்ன வீரனாக நடந்து போவோம். நமக்கு முன்னால் கறுப்புக் கம்பளி போர்த்திக்கொண்டு ஒரு ஆள் நடப்பார். விளையாட்டைச் செய்த வெள்ளைக்காரன் அவருக்கு வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறான். தமிழ்ப் பிள்ளைகள் கம்பளிக்காரர் ஆக்கிவிட்டார்கள். மூன்று பாகம் முழுக்க மனுஷன் ஒரு வார்த்தை பேசமாட்டார். பூதம் வந்தால் நமக்குப் பதிலாக அவர் அடி வாங்குவார். நான்காம் பாகத்தின் கடைசியில், மகாராணி படுத்திருக்கிற மண்டபத்துக்குத் தீ வைத்துவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவார். நின்றுகொண்டிருக்கிற நம்மை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். ஐந்தாம் பாகம் தீபாவளிக்குத்தான் வருமாம். அதுவரைக்கும் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று ஊர் உலகமெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பெயர் துரைக்கண்ணு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டில் ஒரு எடைமேடையில் வேலை. லாரி மேடை ஏறும், எடை பார்த்துச் சீட்டு கொடுப்பேன், லாரி இறங்கிப் போகும். டிரைவர்கள் சீட்டைப் பார்ப்பார்களே தவிர என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். ஒரு நாள் முழுக்க நான் பேசிய வார்த்தைகளை எண்ணினால் இருபது தேறாது. அதில் பாதி 'பின்னால வா, பின்னால வா'.

இந்த வயதில் உனக்கு ஏன்யா பூதமும் பாம்பும் என்று கேட்பீர்கள். என் மகன் கோகுலகிருஷ்ணன் அந்த விளையாட்டில் இருக்கிறான், அதனால்தான். பெங்களூரில் வேலை அவனுக்கு. மாதம் ஒரு தடவை போன் செய்வான். "சாப்ட்டியா?" என்பான். "ம், சாப்ட்டேன்" என்பேன். "மாத்திரை?" என்பான். "போட்டேன்" என்பேன். "சரி, வெச்சிர்றேன்." இவ்வளவுதான். பொங்கலுக்கு வந்தாலும் இதே கதை. என் மனைவி புனிதா செத்துப்போன இந்த ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டில் இதற்கு மேல் பேச்சு கிடையாது.

போன சித்திரையில் கொழுந்தியாள் மகள் அஸ்வினி வீட்டுக்கு வந்திருந்தாள். அவள்தான் சொன்னாள், "பெரிப்பா, அண்ணன் உன்கிட்டதான் பேசாது. அங்க குரூப்புல வந்து பாரு, வாய் ஓயாம பேசிக்கினு இருக்கும்" என்று. கோகுல் அந்த விளையாட்டுக்காரர்களுக்குத் தமிழில் ஒரு குரூப் நடத்துகிறானாம். எண்ணூறு பேர். அடப்பாவி, எண்ணூறு பேரிடம் பேசுகிறவனுக்கு என்னிடம் பேச நாலு வார்த்தை இல்லையா என்று எனக்கு வயிறு எரிந்தது. பிறகு, சேரலாமா என்று கேட்டேன். அந்த குரூப்பில் போன் நம்பர் தெரியாது, வைத்துக்கொள்கிற பெயர் மட்டும்தான் தெரியும் என்றாள் அஸ்வினி. 'சிங்காரம், மரக்காணம்' என்று போடச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பெண்.

சேர்ந்த முதல் நாளே, வேலை என்ன என்று கேட்டார்கள். மரக்காணம் என்றால் மீன்தானே, விசைப்படகில் போகிறேன் என்றேன். நேற்றுகூடக் கடலுக்குப் போய்விட்டு வந்தேன் என்று வேறு அளந்தேன். மண்டகப்பட்டுப் பக்கம் நிலத்தில் மல்லாட்டை விதைத்து வளர்ந்தவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? உடனே கோகுல் எழுதினான்: "அண்ணா, இப்ப மீன்பிடித் தடைக்காலமாச்சே. விசைப்படகு எல்லாம் கரையிலதானே நிக்கும்? நீங்க எப்படிப் போனீங்க?" "அது ஒரு தனிக் கத தம்பி" என்று சமாளித்தேன். அவன் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு விட்டுவிட்டான்.

விட்டுவிட்டானே என்று ஒரு நிம்மதி. அதைவிட மனசில் தைத்தது அவன் என்னை 'நீங்க' என்றது. பெற்ற அப்பனுக்கு நீ, வா, போ. ஊர் பேர் தெரியாத மீன்காரனுக்கு 'ங்க'. கோபம் வரத்தான் செய்தது. ஆனாலும் மறுநாள் காலை எடைமேடையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த குரூப்பைத்தான் திறந்தேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. என் மகனுக்குத் தயிர் பிடிக்காமல் போய்விட்டது, கண்ணாடி போட்டிருக்கிறான், மாடியில் ஒரு பூனை அவனைத் தேடி வருகிறது என்பதெல்லாம் எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குரலில் பேசுவார்கள். நான் மைக் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, அவன் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பயம் ஒன்றே ஒன்றுதான். நான் யார் என்று தெரிந்தால் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவான். அப்புறம் எனக்கு மாதத்துக்கு நாலு வார்த்தைதான்.

அப்புறம் ஒரு வாரம் குரூப்பில் கம்பளிக்காரர் சண்டை உச்சத்துக்குப் போனது. எதிரி ராஜாவிடம் விலைபோய்விட்டார் என்றான் ஒருத்தன். அவர் மனுஷனே இல்லை, அவரும் பூதம்தான் என்றான் இன்னொருத்தன். கோகுல் நீளமாக எழுதினான்: "அவனுக்கு யார் மேலயும் பாசம் கிடையாது. இருந்தா ஒரு தடவ திரும்பிப் பாத்திருப்பான். நெஞ்சுல ஈரமே இல்லாத ஆளு. இவனயெல்லாம் நல்லவன்னு நம்பி மூணு பாகம் பின்னாடி நடந்தோம் பாருங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. மேடையில் செங்கல் லாரி ஏறி நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான். "இருய்யா, பேஜாரு பண்ணாத!" என்று கத்திவிட்டு எழுதினேன்.

"தம்பி, நல்லா பாருங்க. மகாராணி அந்த மண்டபத்துல மூச்சு விடுறாங்களா? மூணு நாளா அசையல. ஆளு எப்பவோ செத்துட்டாங்க. வாசல்ல செருப்பக் கழட்டி வெச்சிட்டு உள்ள போறாரு. முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கினு, கைய மட்டும் பின்னால நீட்டித் தீ வெக்கிறாரு. இது கொலையா? கொள்ளி தம்பி. கொள்ளி வெச்சவன் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா போற உசுரு போவாம பின்னாலயே வரும். அதான் பாக்கல. பாசம் இல்லாம இல்ல."

குரூப்பில் ஒவ்வொருத்தனாக, ஐயோ ஆமாம்ல, வெள்ளைக்காரனுக்கு இது தோணவே தோணாது, சிங்காரம் அண்ணா வேற லெவல் என்று எழுதினார்கள். எனக்குக் காலர் இல்லாத சட்டையிலும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. கோகுல் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கும்போது தனியாக ஒரு செய்தி வந்தது. கோகுல்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். கொள்ளி வெச்சவன் திரும்பிப் பாத்துட்டா என்ன ஆவும்?"

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"எங்கம்மா செத்தப்ப எனக்குப் பதினாறு வயசு" என்று அவனே தொடர்ந்து எழுதினான். "மொட்ட அடிச்சி, கொடம் ஒடச்சி, கொள்ளி வெச்சேன். திரும்பிப் பாக்காம நடன்னு சொன்னாங்க. பத்தடி நடந்தேன். என்னால முடியல. பாத்துட்டேன். எங்கப்பா அத்தன பேரு முன்னால பளார்னு அறஞ்சாரு. எங்கம்மாவ கடசியா பாத்ததுக்கு வாங்குன அடி. அதுக்கப்புறம் அவரு அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல."

படித்தேன். திரும்பவும் படித்தேன். அந்த அறை எனக்கு மறக்கவில்லை. என் உள்ளங்கைக்குத் தெரியும். சுடுகாட்டிலிருந்து வீடு வரைக்கும் அவன் கன்னத்தைத் தடவாமலே நடந்து வந்ததும் தெரியும். வீட்டுக்குப் போனதும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தேன். காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். அவன் பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்ததில் ஒன்பது வருஷம் போய்விட்டது. எனக்கெல்லாம் வாய் எதற்கு?

சிங்காரம் என்ன சொல்லுவான் என்று யோசித்து எழுதினேன்: "அடிச்சது தப்பு தம்பி. பெத்த தாயப் பாத்த புள்ளைய எவனாவது அடிப்பானா?"

"தப்பு சரி கேக்கல அண்ணா" என்று பதில் வந்தது. "கம்பளிக்காரருக்குச் சொன்னீங்கல்ல, அது மாதிரி எங்கப்பாவுக்கு ஒரு தியரி சொல்லுங்க. அவரு ஏன் அடிச்சாரு?"

சோற்று டப்பாவை மூடி வைத்துவிட்டேன். வெளியே ஒரு கரும்பு லாரி வந்து நின்றது. போகட்டும் என்று விட்டேன்.

"அவரு பயந்திருப்பாரு தம்பி" என்று ஆரம்பித்தேன். "பொண்டாட்டி போயிட்டா. இருக்கறது ஒரே புள்ள. திரும்பிப் பாத்தவன அந்த உசுரு கூட்டிக்கினு போயிடும்னு சின்ன வயசுலருந்து கேட்டு வளந்தவரு. நீங்க திரும்புனதும் அவருக்கு ஈரக்கொல நடுங்கிப் போயிருக்கும். அறைஞ்சா உங்க முகம் இந்தப் பக்கம் திரும்பும்ல, அதுக்குத்தான் அறைஞ்சிருப்பாரு. அப்புறம் ஒரு வாரம் நீ தூங்கும்போது மூச்சு வருதான்னு மூக்குல வெரல் வெச்சிப் பாத்தேன்டா. உன்ன அடிச்சிட்டு, சுடுகாட்டு முனையில போயி நானும் திரும்பிப் பாத்தேன். அவள ஒண்டியா விட்டுட்டு வர எனக்கும் மனசு வரல."

அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. எந்த இடத்தில் சிங்காரம் போய் நான் வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். அதற்குள் அவன் படித்துவிட்டதாகக் காட்டியது.

கரும்பு லாரிக்காரன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். "இன்னாண்ணா, ஜல்தி சீட்டக் குடு, ஆலைக்குப் போவணும்." எடையைப் பார்த்தேன், சீட்டு கொடுத்தேன். என்ன எடை என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது. என்னை வெளியே தள்ளிவிட்டான் என்றே நினைத்தேன். பிள்ளையை இரண்டாவது தடவையும் நானே தொலைத்துவிட்டேன் என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அரை மணி நேரம் கழித்துச் செய்தி வந்தது.

"நல்ல தியரி அண்ணா. ஆனா இத எங்கப்பா வாயால கேக்கணும்."

அண்ணா என்றுதான் எழுதியிருந்தான். ஊர் பேர் தெரியாத மீன்காரனிடம் போய் அப்பன் ஏன் அடித்தான் என்று எவன் கேட்பான்? இன்றைக்கு என்ன, ரொம்ப நாளாகவே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் பூனையைப் பற்றியும் தயிரைப் பற்றியும் எனக்குச் சொல்லியிருக்கிறான். என்னை வெளியே தள்ளவில்லை. எடைமேடை அறைக்குள் நான் ஒருத்தன் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் நம்பருக்கு போன் செய்தேன். ஒன்பது வருஷத்தில் நானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. முதல் மணியிலேயே எடுத்தான்.

"ம், சொல்லு."

"கோகுலு..."

"சொல்லுப்பா."

எழுதியது அத்தனையும் அப்படியே மனப்பாடமாக இருக்கிறது, ஒரு எழுத்து வெளியே வரவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"சாப்ட்டியா?" என்றேன்.

"ம். சாப்ட்டேன்."

"சரி, வெச்சிர்றேன்" என்று வைத்துவிட்டேன். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. த்தூ, நீயெல்லாம் ஒரு மனுஷனா துரைக்கண்ணு என்று வாய்விட்டே திட்டிக்கொண்டேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சிங்காரத்துக்குச் செய்தி வந்தது.

"அண்ணா, எங்கப்பா இப்பதான் போன் பண்ணாரு. என்னமோ சொல்ல வந்தாரு. சொல்லாம வெச்சிட்டாரு. மறுபடி பண்ணுவாரா?"

"பண்ணுவாரு தம்பி" என்று எழுதினேன். "போன கையிலயே வெச்சிருங்க."