மூடிக்கு அடியில் ஒரு துளி

இதில் ஒரு சொல் பொய்யானாலும் எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் கொட்டட்டும்.

அவள் கரண்டியை நீட்டியபோது கணவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். மருந்து தாடையில் வழிந்தது. 'இன்னிக்குத் தாண்டாதும்மா' என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் முந்தானையால் துடைத்தாள்.

"குடிச்சாத்தான் என்னவாம்?"

"ஆபீஸ்ல வந்திருக்கிற அந்த மிஷின் தட்டுதா இல்லையான்னு கேளு. அப்புறம் குடிக்கிறேன்."

"போற நேரத்துலயும் ஆபீஸா! நல்லா வந்து வாச்சீங்க எனக்கு."

வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களின் ரத்தத்தில் கஞ்சா இருக்கிறதா என்று பார்க்கும் தடய அறிவியல் கூடத்தில் அவருக்கு வேலை. ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாயைத் திறக்குமுன் விரலால் இரண்டு தட்டு. தட்டாவிட்டால் மூடிக்கு அடியில் ஒட்டிய துளி பக்கத்துக் குழாயில் தெறிக்கும்; எவனோ இழுத்ததற்கு எவனோ உள்ளே போவான். பழக்கம் வீட்டுக்கும் வந்தது. தைலப் புட்டிக்கு இரண்டு தட்டு, அழுகிற பிள்ளைக்கு இரண்டு தட்டு. சுவர்க் கடிகாரமே டிக்டிக்கை மறந்து டொக்டொக் என்றுதான் ஓடியது.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு, எல்லாவற்றையும் தானே செய்யும் இயந்திரம் அந்த ஆய்வுக்கூடத்தில் வந்து இறங்கியிருந்தது.

அவள் போன் போட்டாள். அவருடைய பக்கத்து மேசைப் பெண் எடுத்தாள்.

"அம்மாடி, அந்த மிஷின் தட்டுதா இல்லையான்னு கேக்கறார். அது தெரியாம மருந்து இறங்காதாம்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"தட்டாம என்னக்கா? சார் எப்படித் தட்டுவார்னு எங்களைக் கேட்டுத்தானே அதுக்குச் சொல்லிக் குடுத்தாங்க! போனை சார் காதுல வைங்க."

டொக், டொக்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெண்டாவது தட்டு மெதுவு. பரவால்ல, புதுசுதானே, பழகிடும். மருந்தைக் குடுடி."

குடித்தார். போனை மட்டும் வைக்க விடவில்லை. டொக், டொக். அவர் விரலும் போர்வைமேல் கூடவே தட்டிக்கொண்டிருந்தது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது தட்டு போனில் மட்டும்தான் கேட்டது.

அவள் உடனே யாரையும் கூப்பிடவில்லை. மருந்துப் புட்டியை மூடி வைத்துவிட்டு, அன்றைய குழாய்களெல்லாம் தட்டி முடியட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த இயந்திரம் வந்த பெட்டியை இன்றுவரை யாரும் பிரிக்கவில்லை. அதன் மேல்தான் அந்தப் பக்கத்து மேசைப் பெண் தன் சாப்பாட்டு டப்பாவை வைக்கிறாள்.