மழை விழுந்தால் மதுரை

மழை விழுந்து உப்பளம் மூடிய மறுநாளே மதுரைக்குக் கிளம்பிவிடுவது என்று நாலு பெண்களும் ஆடி மாதமே பேசி முடித்துவிட்டார்கள். கோயில் நேர்ச்சை கிடையாது, கல்யாணம் கருமாதி கிடையாது. சும்மா போய், ஊரைப் பார்த்து, ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டு, ராத்திரி ரயிலில் திரும்புவது. இதைக் கேட்ட அவர்கள் ஊர் மாப்பிள்ளையூரணி ஆம்பிளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உப்புச் சுமக்கிறவளுக்கு ஊர் சுற்ற ஆசை வந்துவிட்டது, இனி மழை எங்கே விழப்போகிறது என்றார்கள்.

அவர்கள் வாய் முகூர்த்தமோ என்னவோ, அந்த எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசி முழுக்க வானம் வெளுத்த வேட்டியாகவே கிடந்தது. மழை வராத வரைக்கும் பாத்தியில் உப்பு விளையும். உப்பு விளைகிற வரைக்கும் வேலை நிற்காது.

சீனித்தாய்க்குத்தான் அந்தத் தாமதம் பொறுக்கவில்லை. அவள் கண்ணில் இரண்டு வருஷமாகப் புகை விழுந்துகொண்டிருந்தது. தை மாதம் அளத்தில் நின்றபடியே புதுத் துறைமுகத்துக் கப்பல்களை எண்ணினாள். ஆடியில் எண்ண முடியவில்லை. இப்போது உப்பு அம்பாரம் எது, வானம் எது என்பதே பக்கத்தில் போனால்தான் தெரிந்தது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் கங்காணி நயினார் காதுக்குப் போகும். முந்தின வருஷம் கூடச் சுமந்த சிவனாண்டி கண் தெரியாமல் தலைச்சுமையோடு வரப்பு தப்பிப் பாத்திக்குள் விழுந்தான். நயினார் திட்டக்கூட இல்லை. ரெண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வாரும் என்றார். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை.

மதுரைப் பயணத்தில் சீனித்தாய் கேட்டது ஒன்றே ஒன்று. கூட வேலை பார்க்கும் அற்புதமணிக்கு மதுரையில் ஜெயசிங் என்று ஒரு தம்பி, குமாஸ்தா. அங்கே ஒரு கட்டடத்தில் சுவருக்குச் சுவர் வர்ணப் படமாக வரைந்து மாட்டியிருக்கிறது என்று அவன் எழுதியிருந்தான். வருஷம் முச்சூடும் வெள்ளையையே பார்த்த கண் அவிந்துபோவதற்குள் அந்தச் சிவப்பையும் பச்சையையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சுடலைமாடத்திக்கு மேசையில் இலை போட்டுக் கறிச்சோறு வேண்டும். கேட்காமலே ரெண்டாந்தரம் வைக்க வேண்டும். சின்னவள் இன்பமணிக்கு நாடகம். அஞ்சாவது வரை படித்த அற்புதமணி எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள்.

ஓலைப்பெட்டியைத் தலையில் ஏற்றி வரிசையாக நடக்கும்போது சீனித்தாய் எப்போதும் இன்பமணிக்குப் பின்னால் நின்றுகொள்வாள். முழ அகலம்கூட இல்லாத வரப்பு. கொஞ்ச காலமாக இன்பமணி ஏதோ வேதக்கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை இழுத்துக்கொண்டே நடந்தாள். ராகமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கழுதைக்கு இப்பவே மதுரைக் குஷி வந்துவிட்டது என்று சுடலைமாடத்தி அளமே கேட்க ஏசுவாள். சீனித்தாய்க்கு அது வசதியாகப் போயிற்று. சத்தம் போகிற பக்கம் கால் போனது.

கார்த்திகை பிறந்து பத்து நாளில் கிழக்கே மேகம் கட்டியது. மத்தியானக் கஞ்சிக்குக் கொட்டகையில் உட்கார்ந்தபோது, இன்னும் ரெண்டு நாள்தான் என்று அற்புதமணி தாளை எடுத்து வாசித்தாள். காலையில் ரயிலடிப் பக்கம் இட்லி. பிறகு மகால், நாலு பேரும் கைகோத்து ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்ப்பது. மத்தியானம் கறிச்சோறு. அப்புறம் கைத்தொழில் கண்காட்சி. அங்கே சக்கரத்தில் மண்ணை வைத்துக் கொடுத்து, வந்தவர்களையே சட்டி வனையச் சொல்வார்களாம், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடவும் விடுவார்களாம். சாயங்காலம் நாதஸ்வரக் கச்சேரி.

தாள் மடிகிற சத்தம் கேட்டது.

"படம்?" என்றாள் சீனித்தாய்.

"அது ரொம்பத் தூரமாம்க்கா. தம்பி எழுதியிருக்கான்."

"நாடகம்?"

நாடகத்தில் என்ன இருக்கிறது, தனக்கு மேளம்தான் பிடிக்கும் என்றாள் இன்பமணி. நாலு மாசமாக நாடகம் நாடகம் என்று உயிரை எடுத்தவள்.

சீனித்தாய் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். தூணைக் கட்டிப்பிடிப்பது, மண்ணைப் பிசைவது, முடிச்சுப் போடுவது, மேளம் கேட்பது. எதற்கும் கண் வேண்டாம்.

"எப்பளா தெரியும்?"

 இன்பமணிதான் சொன்னாள். "ஆடியிலயே தெரியும்க்கா. பன்னெண்டாம் பாத்தியில ஒரு காலை வரப்புக்கு வெளிய வச்சிய. மறுநாளுதான் பாட ஆரம்பிச்சேன்."

"நயினாருக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னுதான் நானும் ஏசுனேன்," என்றாள் சுடலைமாடத்தி. "இல்லன்னா இவ கொரலை எவ கேப்பா?"

சீனித்தாய்க்கு முதலில் வந்தது கோபம்தான். பொத்திப் பொத்தி வைத்தது இத்தனை நாளும் அம்மணமாகக் கிடந்திருக்கிறது. கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் கையிலிருந்த பருக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தாளைப் பிரி," என்றாள் கடைசியில். "மறுநா காலையில கண்ணாஸ்பத்திரின்னு ஒண்ணு எழுது."

படுக்கப் போட்டால் பத்து நாளாவது ஆகும், துணைக்கு ஆள் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள், பார்வை திரும்பும் என்று அடித்துச் சொல்வதற்கும் இல்லை என்று அற்புதமணி மெதுவாகச் சொன்னாள். அளம் திறக்கத் தை பிறக்க வேண்டும், நாள் கிடக்கிறது என்றாள் சீனித்தாய். பார்வை வந்தால் வரட்டும். வராவிட்டால் சிவனாண்டிக்கு ஆனது தனக்கும் ஆகட்டும்.

"நான் கூட நிக்கேன்க்கா," என்றாள் இன்பமணி.

பென்சில் தாளில் உரசியது. அது நிற்கிற வரைக்கும் சீனித்தாய் காத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் பொறவு படத்தையும் எழுது. தூரம்னாலும் சரி."

நயினார் மேட்டில் நின்று கையைத் தட்டினார். மழைக்கு முன்னால் அம்பாரம் சேர்த்தாக வேண்டும் என்று கத்தினார். எழுந்து போய்ப் பெட்டியைத் தலைக்கு ஏற்றினார்கள். மேகம் மூடியதில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய், வரப்பும் பாத்தியும் ஒன்றாகிக் கிடந்தன. முன்னால் போன இன்பமணியிடமிருந்து சத்தமே இல்லை. சொல்லிவிட்ட பிறகு பாட அவளுக்குக் கூச்சம்.

சீனித்தாய் வரப்பில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"ஏளா, பாடு," என்றாள். "சத்தமாவே பாடு."