பின்னால் வரும் அம்பாசடர்

சீனிவாசலு ஜெர்மன் கார் வாங்கிய மறுநாளிலிருந்து, அவருடைய வெள்ளை அம்பாசடர் ஓட்ட ஆளில்லாமலே அதன் பின்னால் வரத் தொடங்கியது. சிங்காநல்லூரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது இடதுபுறம் ஒதுங்கி வந்தது, சிக்னலில் நின்றது, திரும்பும் இடத்தில் விளக்குப் போட்டது. அந்த ரோட்டில் ஆள் ஓட்டும் வண்டிகளே அவ்வளவு செய்வதில்லை. போக்குவரத்துக் காவலர் ஒருவர் மட்டும் சில நாள் நிறுத்திப் பார்த்தார். லைசென்ஸ் கேட்க ஆளில்லாததால் அவரும் விட்டுவிட்டார்.

சங்கடமெல்லாம் சீனிவாசலுவுக்குத்தான். பம்ப்செட் கம்பெனி முதலாளியான அவர்தான் ‘நம்ம நாட்டு வண்டி’ சங்கத்தின் தலைவர். முந்தைய வருஷம் சுதந்திர தினத்தன்று இதே அம்பாசடரின் பானெட்டில் கற்பூரம் ஏற்றி, வெளிநாட்டுக் காரைத் தொடமாட்டோம் என்று உறுப்பினர்கள் அத்தனை பேரையும் சத்தியம் செய்ய வைத்தார். பெயிண்ட் கருகி ஒரு வட்டத் தழும்பு விழுந்தது. காலேஜ் காலத்திலிருந்து வாடா போடா என்று பழகிய பாலகோபால் மட்டும் சத்தியத்துக்குக் கை வைக்கவில்லை. மனைவி லட்சுமியம்மாளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி, பழைய வண்டியின் குலுக்கல் ஆகாது என்பதால் அந்த வாரம்தான் ஜப்பான் கார் வாங்கியிருந்தார். “இந்த அம்பாசடரோட பூர்வீகமே இங்கிலாந்துச் சீமைதானேடா” என்று அவர் சிரித்தபடி சொன்னது சீனிவாசலுவுக்குச் சுருக்கென்று தைத்தது. “பொண்டாட்டி முதுகுக்காக நாட்டையே வித்துப்போட்டியேடா” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். பாலகோபால் டிபன் சாப்பிடாமல் கிளம்பிப் போனவர், பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

சீனிவாசலுவின் முதுகில் ஒரு கோளாறும் கிடையாது. ஷோரூமில் அந்த ஜெர்மன் காரின் கதவு மூடும் சத்தம் பிடித்துப்போனது, அவ்வளவுதான். பெருந்துறை குடோனில் தார்ப்பாய் போட்டு ஒளித்துவைத்து, இருட்டுக் கண்ணாடி ஏற்றி ஓட்டலாம் என்று கணக்குப் போட்டார். பின்னால் அம்பாசடர் வந்தால் முன்னால் போவது யார் என்று ஊருக்கே தெரியாதா? பேட்டரியைக் கழற்றினார், சக்கரத்தைச் சங்கிலியால் கட்டினார், அப்போதும் வந்தது. சங்கத்தில் அவரை யாரும் ஏசவில்லை. இரண்டு பேர் தனியாகக் கூப்பிட்டு மைலேஜ் எவ்வளவு என்று விசாரித்தார்கள். அதில்தான் அவர் கூனிக் குறுகிப் போனார். ஆக, தண்டனை பாலகோபால் ஒருவருக்கு மட்டுமா என்ற நினைப்பு அவரைத் தூங்கவிடவில்லை. ஓட்டும்போது கண்ணாடியில் பின்னால் பார்த்தாலெல்லாம் அந்தக் கருகிய தழும்புதான் தெரிந்தது.

ஆயுத பூஜையன்று சீனிவாசலுவின் மனைவி ராமாமணி இரண்டு கார்களுக்கும் சந்தனம் வைத்து, கற்பூரத்தட்டை எடுத்து வந்தார். அம்பாசடர் தானாகவே பின்னுக்கு நகர்ந்து சுவரோடு ஒண்டிக்கொண்டது. ராமாமணி தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அவிங்க ஊட்டுக்கு ஒரு நடை போயிட்டு வந்துருங்க” என்றார்.

கணபதியிலிருந்த பாலகோபால் வீட்டில் லட்சுமியம்மாள்தான் ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தார். சீனிவாசலு வாசலிலேயே நின்றார். “அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க, அம்மணி.”

“காருக்குள்ளதானுங்க உக்காந்திருந்தேன்” என்றார் லட்சுமியம்மாள். “காத்துக்குக் கண்ணாடிய எறக்கி உட்டிருந்தேன். எல்லாமே கேட்டுச்சுங்க.”

பாலகோபால் உள்ளேயிருந்து வந்து, “வாங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க” என்றார். நாற்பது வருஷத்தில் அவர் சீனிவாசலுவை ‘வாங்க’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த மரியாதை தாங்காமல், பாதிக் காப்பியோடு எழுந்து வந்து காரைக் கிளப்பினார். அம்பாசடர் பின்னால் வரவில்லை. ஜப்பான் காருக்குப் பக்கத்தில், வாசல் வேப்பமர நிழலில் போய் நின்றுகொண்டது.

இப்போது லட்சுமியம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம், ஜப்பான் காருக்குப் பின்னால் அம்பாசடர் போகிறது. பாலகோபால் இரண்டுக்கும் சேர்த்தே காற்றடித்து வைக்கிறார். எதிரே ஜெர்மன் காரில் வர நேர்ந்தால், சீனிவாசலு ஓரம் கட்டி, இரண்டு வண்டியும் கடந்து போகும்வரை நிற்கிறார்.