டிக்கெட் பரிசோதகர் ‘ஆமா’ சொன்ன மதியம்

கல்யாணமான நாளிலிருந்து டிக்கெட் பரிசோதகர் தன் மனைவியின் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. “சாப்பிட்டீங்களா?” என்றால் “ஏன், மிச்சம் ஏதாவது இருக்கா?” என்பார். “மழை வருமா?” என்றால் “வந்தா நீ நிறுத்திடுவியா?” ரயிலில் ஊரையே கேள்வி கேட்டுப் பிழைக்கும் மனுஷன் வீட்டுக்கு வந்து கைகட்டிப் பதில் சொல்வாரா? குழாய் சொட்டுவதைப் பழகிக்கொள்வதுபோல அவளும் அதைப் பழகிக்கொண்டாள்.

பெருந்தொற்று அந்த வீட்டுக்குள்ளும் நுழைந்தது. காய்ச்சலோடு கிடந்தவர் ஒரு காலை பல் துலக்கும்போது வாய் கோணி, வலது கை தொங்க, கண்ணாடி முன்னாலேயே சரிந்தார். ஆம்புலன்ஸ் அவரை அள்ளிக்கொண்டு போனது. அவளுக்கும் தொற்று இருந்ததால் கூட ஏற விடவில்லை. படுக்கையறையில் அடைபட்டு, கைபேசியைத் தலையணைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதவுக்கு வெளியே நாத்தனார் காவல்.

பெரிய டாக்டர் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்திருந்த கட்டியை வெளியே இழுத்துவிட்டார். பிறகு வீடியோவில் வந்தார்.

“கட்டி வந்துடுச்சும்மா. வலது கையையும் தூக்கிட்டாரு. ஆனா இந்த வைரஸ் ரத்தத்தைப் பாகு மாதிரி ஆக்கிடுது. எடுத்த இடத்துலயே மறுபடி அடைக்கலாம், இல்லேன்னா உள்ள கசியலாம். பேச்சு மாறுதான்னு கண்கொத்திப் பாம்பா பார்க்கணும். உடனே கண்டுபிடிச்சா திரும்ப எடுத்துடலாம். கோட்டை விட்டோம்னா பேச்சு போனது போனதுதான்.”

முதல் சோதனைக்குச் சின்ன டாக்டர் வந்தார். கட்டிலைச் சுற்றி நின்ற எல்லாருமே தலை முதல் கால்வரை வெள்ளைக் கவசத்தில் அவித்த முட்டை மாதிரி இருந்தார்கள். நர்ஸ் கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

“ஐயா, இது என்ன மாசம்?”

“ஏன், உங்க வீட்டுல காலண்டர் இல்லையா?”

“நான் யாருன்னு தெரியுதா?”

“இந்த உறைக்குள்ள இருந்தா உங்கம்மாவுக்கே தெரியுமா?”

“இப்ப எங்க இருக்கீங்க?”

“எங்கயாவது போக விட்டீங்களா?”

சின்ன டாக்டரின் கண்ணாடிக்குள் ஆவி படர்ந்தது. “எதுக்கும் பதில் வரல. குழப்பம். கசிவா இருக்கும். ஸ்கேனுக்குத் தள்ளுங்க!”

“டாக்டர் தம்பி, நில்லுங்க!” என்று இவள் தலையணையிலிருந்து கத்தினாள். “அது குழப்பமில்ல. அவரே அப்படித்தான். பொண்ணு பார்க்க வந்தப்போ ‘பிடிச்சிருக்கா’ன்னு கேட்டதுக்கு, ‘இல்லேன்னா வேற வச்சிருக்கீங்களா’ன்னு கேட்டவர்.”

“ஆமா டாக்டர்!” என்றது கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல். “எங்கண்ணன் பரீட்சையிலகூட கேள்விக்குக் கீழ கேள்விதான் எழுதுவாரு!”

“அதனாலதானே ஒரே வகுப்புல ரெண்டு தடவை உட்கார்ந்தாரு?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணி வெளியில சொல்றீங்க?”

சின்ன டாக்டர் யார் பேச்சையும் கேட்காமல் ஸ்கேன் எடுத்தார். மூளை சுத்தமாக இருந்தது.

மதியம் நர்ஸே கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “அக்கா, நல்ல செய்தி! ஐயா ரொம்பத் தங்கமா மாறிட்டாரு. என்ன கேட்டாலும் ஆமாங்கிறாரு. இந்த வார்டுலயே நல்ல நோயாளி இவர்தான்.”

இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஆமான்னா சொன்னாரு? அவரா?”

“வலிக்குதான்னேன், ஆமான்னாரு. வலி இல்லையேன்னேன், அதுக்கும் ஆமான்னாரு. அவ்வளவு ஒத்துழைப்பு!”

“சிஸ்டர், போனை அவர் மூஞ்சிக்கு நேரா பிடிங்க.” திரையில் கணவர் சாந்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் எந்தக் கல்யாண போட்டோவிலும் பார்த்ததில்லை. “என்னங்க, நீங்க கட்டுன அலமாரி கோணல்தானே?”

“ஆமா.”

கதவுக்கு வெளியே நாத்தனார் ஐயோ என்று உட்கார்ந்துவிட்டாள்.

“சமையல்ல உங்கம்மாவைவிட நான்தானே கெட்டிக்காரி?”

“ஆமா.”

“டாக்டரைக் கூப்பிடுங்க! அவருக்கு மறுபடி அடைச்சுக்கிச்சு!”

பெரிய டாக்டர் வந்தார். “அம்மா, நோயாளி அமைதியா இருக்கிறது நல்லதுதானே?”

“மத்தவங்களுக்கு நல்லது. இவருக்கு வியாதி. அந்த வலது கையைத் தூக்கச் சொல்லுங்க, பார்ப்போம்.”

சொட்டு மருந்து ஏறுகிற கை என்று முதல் சிகிச்சைக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. டாக்டர் போர்வையை விலக்கி, கையைத் தூக்கி விட்டார். நனைந்த துணி மாதிரி தொப்பென்று விழுந்தது. அடுத்த நொடி கட்டில் சக்கரங்கள் உருண்டன. திரையில் வார்டின் கூரை ஓடியது, ஒரு விளக்கு வந்தது, பிறகு இணைப்பு அறுந்தது.

அதன்பிறகு காத்திருப்பு.

“அண்ணி, அழுறீங்களா?”

“மூக்கடைப்பு.”

“எனக்கும்தான்,” என்றாள் தொற்றே இல்லாத நாத்தனார்.

“அலமாரி கோணல்னு சொன்னதை மனசுல வச்சுக்காதே.”

“கோணல்தான் அண்ணி. வச்ச குண்டூசி உருண்டு வந்துடுது.”

இருவரும் கதவின் இரண்டு பக்கமும் சாய்ந்து சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே உடைந்து வேறு மாதிரி ஆனது.

கைபேசி மணியடித்தது. பெரிய டாக்டர். “அதே இடத்துல அடைச்சிருந்துச்சும்மா. எடுத்துட்டோம். நல்ல நேரத்துல கத்துனீங்க. பேசுங்க.”

திரையில் அவர் முகம் வந்தது. சிரிப்பு போய், களைத்துச் சுருங்கி, பார்த்துப் பழகிய முகம்.

“எப்படி இருக்குங்க?”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “பயந்துட்டேன்,” என்றார். “நீ பக்கத்துல இல்லையேன்னு இருந்துச்சு.”

நேரான பதில்! எதிர்க்கேள்வியின் வாசனைகூட இல்லை. அவள் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தாள். “டாக்டர்! மறுபடியும் வந்துடுச்சு! ஓடுங்க!”

இந்த முறை யாரும் அவளிடம் காரணம் கேட்கவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது பெரிய டாக்டர் மூச்சிரைத்தார்.

“அம்மா, அடைப்பு இல்ல, கசிவு இல்ல. கையும் நல்லாத் தூக்குறாரு.”

“அப்ப அவர் சொன்னது?”

“அதை ஸ்கேன்ல பார்க்க முடியாதும்மா. ஆனா தெளிவாத்தான் சொல்லியிருக்காரு.”

நர்ஸ் கைபேசியை மறுபடி அவர் பக்கம் திருப்பப் போனாள். இவள் அவசர அவசரமாக முகக்கவசத்தை எடுத்து மாட்டி, கண்ணுக்குக் கீழ்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அறையில் அவளைத் தவிர யாருமே இல்லை.

“அண்ணன் என்ன சொன்னாரு அண்ணி?” என்றாள் நாத்தனார்.

“சரியா கேக்கல,” என்றாள் இவள். “இன்னொரு தடவை சொல்லச் சொல்லப்போறேன்.”