ஒரே மடக்கில் இரண்டு மாத்திரை

லிஃப்ட் பழுதுபார்க்கிறவனை அவனுடைய மாமனார் வீட்டில் 'டாக்டர் மாப்பிள்ளை' என்று கூப்பிடுவார்கள். யாருக்கு என்ன வலி என்றாலும் கேட்காமலே மருந்து சொல்லிவிடுவான். அது கேலி என்று தெரிந்தும் உள்ளூர அவனுக்குப் பெருமைதான்.

அவன் மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவள். தைராய்டு சுரப்பு குறைவு என்று சில வருடங்களாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட்டு வந்தாள். உடம்பு சொன்னபடி கேட்டது. பிறகு திடீரென்று கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. தூக்கத்தில் எழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அவன் அவள் கால்விரல்களை மேலே மடக்கி, தேய்த்துவிடுவான்.

"கால்சியம் கம்மி, வேற ஒண்ணுமில்ல," என்றான்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாமேங்க."

"சத்து மாத்திரைக்கு எதுக்குடி டாக்டரு? அவருக்கு வேற வேலை இல்லையா?"

பெரிய டப்பாவாக வாங்கி வந்தான். மறந்துவிடுவாள் என்று தினமும் காலையில் அவனே தண்ணீரும், தைராய்டுக்கு ஒன்று கால்சியம் ஒன்று என இரண்டு மாத்திரைகளுமாக வந்து நிற்பான். அவள் ஒரே மடக்கில் விழுங்குவாள். ஆனால் கால் இழுப்பது கூடிக்கொண்டே போனது. முகம் ஊதியது, குரல் கரகரத்தது, வேலை முடிந்து வந்ததும் சுருண்டு படுத்தாள்.

"இப்படியே படுத்துக் கிடந்தா கால் பிடிக்காம என்ன செய்யும்?" என்று கடிந்துகொண்டான். கால்சியத்தை இரண்டாக்கினான்.

ஒரு நாள் கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டு வேனை ஷெட்டுக்குள் திருப்பும்போது அவள் வலது கால் கல்லாகிவிட்டது. பிரேக்கை அழுத்த முடியவில்லை. வேன் சுவரில் மோதி நின்றது. நெற்றியில் வீக்கத்தோடு தப்பினாள். முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நாள் ஆபீஸில் இருக்கச் சொன்னார்.

அவன் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். "மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு நாள்கூட விட்டதில்ல, டாக்டர்."

"கூடவே வேற ஏதாவது?"

கால்சியம் என்றாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "ரெண்டையும் சேர்த்துப் போட்டா தைராய்டு மாத்திரை உடம்புல சரியா சேராதும்மா. நாலு மணி நேரமாவது இடைவெளி விடணும். முதல்ல பிடிச்சது வெறும் அசதியா இருந்திருக்கலாம்; அப்புறம் கூடினது இதனாலதான், தைராய்டு குறைஞ்சாலே தசை பிடிக்கும். கால்சியம் குறைவுன்னு யார் சொன்னா? உங்களுக்கு அது சரியாத்தான் இருக்கு."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "நானாத்தான் போட்டுக்கிட்டேன்."

அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான். அந்த ஒரு நொடி பிறகு எத்தனையோ நாள் அவனைத் தின்றது.

வெளியே வந்ததும், "ஏன் அப்படிச் சொன்ன?" என்றான்.

"பின்ன? அங்க உக்காந்து உங்களைக் காட்டிக் கொடுக்கணுமா?"

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனான். முதலாளி நசுங்கிய பம்பரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அண்ணே, அவ மேல தப்பில்ல. ரெண்டு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தது நான்," என்று நடந்ததைச் சொன்னான்.

முதலாளி ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டார். "டாக்டர் சரின்னு சொன்னா சாவி அவங்களுக்குத்தான். அது கிடக்கட்டும் தம்பி, வண்டியில புள்ளைங்க இருந்திருந்தா?"

அவன் வீட்டுக்கு வந்து அதையும் மனைவியிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டே, "நானும் தினம் அதைத்தான் நினைச்சிட்டிருக்கேன்," என்றாள். அவன் எதிரில் உட்கார்ந்து, தலை நிமிராமல் மடிக்க உதவினான்.

கால்சியத்தை நிறுத்திய சில வாரங்களில் ரத்தத்தில் தைராய்டு சரியான அளவுக்கு வந்தது. கால் இழுப்பு மெல்ல மெல்ல விட்டது. அவள் மறுபடி வேன் எடுத்த அன்று, அவன் பள்ளி வாசலுக்கு எதிரே கடை நிழலில் போய் நின்றான். வேன் வந்தது; குலுங்காமல் நின்றது. குழந்தைகள் முட்டி மோதி இறங்கினார்கள். அவள் அவனைப் பார்த்துவிட்டாள்.

"வேலைக்குப் போகலையா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"சும்மா பாக்கலாம்னு..."

"பாத்தாச்சில்ல, கிளம்புங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. வேன் போன பிறகும் அவன் அங்கேயே நின்றிருந்தான்.